ஸ்டீயரிங் ஆட்டத்தைப் பிடித்த மெக்கானிக் அண்ணனுக்கு

பழைய காரில் ஸ்டீயரிங் இரண்டு அங்குலம் சும்மா ஆடினால், பலரும் உடனே கை வைப்பது ஸ்டீயரிங் பாக்ஸ் (ஸ்டீயரிங் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் கியர் பெட்டி) திருகில்தான். அண்ணே, நீங்கள் அதைத் தொடவில்லை. அளவுக்கு மீறி முறுக்கினால் திருப்பும்போது இறுகும், வளைவு முடிந்ததும் தானாக நேருக்கு வராது என்றீர்கள். சக்கரங்கள் தரையில் இருக்க, ஸ்டீயரிங்கை மெல்ல இடவலமாக ஆட்டச் சொல்லி, அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டாக விரல் வைத்துப் பார்த்தீர்கள். ஸ்டீயரிங் கம்பிகளின் ஒரு பக்கத்தைத் தாங்கும் ஐட்லர் ஆர்மின் புஷ் (உள்ளுறை) தேய்ந்து குதித்தது. சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டான டை ராட் எண்ட் ஒன்றும் தளர்ந்திருந்தது. மாற்றியதும், நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னையும் புதிதாகப் போட்டீர்கள் (அதில்தான் பலர் கஞ்சத்தனம் காட்டுவார்கள்).

கேட்காமலே முன்சக்கரங்களைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்து, பால் ஜாயிண்ட் (சக்கரத்தைத் தாங்கும் உருண்டை மூட்டு), பேரிங் இரண்டையும் சோதித்தீர்கள். “அலைன்மென்ட் பாத்துடுங்க, இல்லேன்னா டயரைத் தின்னுடும்” என்றும் சொன்னீர்கள்.

பெயர் கேட்கவில்லை. இது கண்ணில் பட்டால், நன்றி அண்ணே.