ரைஸ் குக்கரில் கதை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். முட்டி வலிக்கு மருந்து மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், பரவாயில்லை. போன் போட்டால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்பாய். அதனால்தான் கடிதம்.

உன் குறும்படத்தை அக்கா டிவியில் போட்டுக் காட்டினாள். நீ சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ஆன்ட்டிதான் வந்து, "உங்க பையன் படத்துல ஒருத்தன் தனக்கே சாவு நோட்டிஸ் போடுறானாமே, பாத்தீங்களா?" என்று கேட்டது. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

ஆனால் நன்றாக இருக்கிறது. எழுதுகிற கதையை எவனும் படிப்பதில்லை, பேப்பரில் மரண அறிவிப்பை மட்டும் எல்லாரும் படிக்கிறார்கள் என்று அவன் தன் போட்டோவையே கொடுக்கிறானே, அங்கே வயிறு வலிக்கச் சிரித்தேன். நானே காலையில் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பிரிக்கிறேன். மலர்வளையத்தோடு வந்த இரண்டு புரொடியூசரும் "இவனை நான்தான் வளர்த்து விட்டேன்" என்று பெட்டிக்குப் பக்கத்திலேயே அடித்துக்கொள்கிறார்கள். செத்தவன் பேருக்கு வந்த செக்கை உயிரோடு இருக்கிறவன் மாற்ற முடியாமல் முழிக்கிறான். இதெல்லாம் உனக்கு எங்கிருந்து வருகிறது? அக்கா அழுதாள். அவள் எதற்கும் அழுவாள்.

அந்த அறிவிப்பை நிறுத்திப் படித்தேன். சித்தப்பா பேர் வரைக்கும் இருக்கிறது, அம்மா என்று ஒருத்தி இல்லை. படத்துக்காகத்தான், தெரியும். இருந்தாலும்.

படத்தில் வருகிற அறை கோலாலம்பூர் செந்தூலில் நீ இருக்கிற அறைதானே? கதைக் காகிதத்தை எல்லாம் ரைஸ் குக்கரில் போட்டு மூடி வைத்திருக்கிறான். அது நான் இங்கே பினாங்கு கொம்தார் கட்டடத்தில் வாங்கிக் கொடுத்த குக்கர், மூடியில் கைப்பிடி உடைந்தது. அப்படியென்றால் நீ எதில் சோறு ஆக்குகிறாய்? தினமும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் வறுத்த மேகி கோரெங் தின்றால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? பசியாறாமல் வெறும் கோப்பி குடித்துவிட்டு உட்காராதே.

நாடகத்துக்கு எழுதிய பணம் வந்ததா? ஒளிபரப்பான பிறகு தருகிறோம் என்றார்கள். ஒளிபரப்பாகி, தைப்பூசமும் போய்விட்டது. கடைசியில் உன் பேர் ஓடியபோது போட்டோ எடுக்கப் போனேன், அதற்குள் மறைந்துவிட்டது. சம்பள வேலை இல்லாதவர்களுக்கு இபிஎஃப் சேமநிதியில் ஐ-சாரான் என்று ஒரு சேமிப்புத் திட்டம் இருக்கிறது. நீ போடுகிற காசுக்கு அரசாங்கமும் ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரைக்கும் சேர்க்கும். போட்டு வை. போடுவதற்கும் கையில் காசு வேண்டும், அதுவும் தெரியும்.

எழுதுவதை விடு என்று சொல்லவில்லை. 2016-இல் ஜகாட் என்கிற நம் தமிழ்ப் படம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்று பரிசு வாங்கியபோது நீ சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து நின்று கத்தினாய். தோட்டத்தை விட்டு வெளியே வந்த நம் ஆட்களின் கதைக்குப் பரிசு. இவன் இனிமேல் ஆபீஸ் வேலைக்குப் போகமாட்டான் என்று அப்பா அன்றைக்கே சொன்னார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

உன் படத்துக்கு அப்பா சிரிக்கவில்லை. முடிந்ததும், "போன் எடுத்தானா?" என்று மட்டும் கேட்டார். ஃபேக்டரி மூடின வருஷம் அவரும் இப்படித்தான், வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தார். அந்தத் தீபாவளிக்கு முதல் நாள் பெரியப்பா கதவை உடைத்தது உனக்கு நினைவிருக்கும். சின்னப் பையன், மத்தாப்புப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். நாம் யாரும் அதைப் பேசியதில்லை.

நீயும் அப்படி என்று நான் சொல்லவில்லை. படம் வேறு, நீ வேறு. சாப்பிட்டாயா என்றுதான் கேட்கிறேன். ராத்திரி தூங்குகிறாயா? போன வாரம் நீ அனுப்பிய ஜோக்கும் நன்றாக இருந்தது, அதனால்தான் கேட்கிறேன்.

சனிக்கிழமை ஃபெரி ஏறி, பட்டர்வொர்த்தில் இடிஎஸ் ரயில் பிடித்து வருகிறோம். அப்பாவும் வருகிறார், அவர்தான் டிக்கெட் எடுத்தார். புதுக் குக்கர் ஒன்று கொண்டு வருகிறேன். பழையதில் இருக்கிற கதைகளை எடுக்காதே, அது பாட்டுக்கு இருக்கட்டும். அறை குப்பையாகக் கிடந்தாலும் பரவாயில்லை. வரவேண்டாம் என்று சொல்வதற்காவது போனை எடு.

அம்மா