அப்பா கண்ட மூச்சு

அன்பு மகன் தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் சுகம். அக்கா, அத்தான், பிள்ளையள் எல்லாரும் சுகம். உங்கட சுகத்துக்கும் நல்லூரானை வேண்டிக்கொண்டிருக்கிறன்.

போன் இருக்கேக்கை ஏன் கடிதம் எண்டு நினைப்பாய். போனிலை நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா" எண்டு மூண்டு தரம் சொல்லிப்போட்டு, "பிறகு எடுக்கிறன்" எண்டு வைச்சிடுறாய். அந்தப் பிறகு மாசி மாசத்திலை இருந்து வரேல்லை. வேலை கூட, விளங்குது. நேரத்துக்குச் சாப்பிடு. கடிதம் எண்டால் நீ ஓம் சொல்லத் தேவையில்லை, நான் என்ர பாட்டிலை சொல்லி முடிக்கலாம்.

சித்திரை வருசப்பிறப்பு லீவுக்கு அக்கா ஆக்கள் என்னையும் ஏத்திக்கொண்டு திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக்குப் போனவை. முழங்காலைச் சாட்டி நான் மாட்டன் எண்டுதான் நிண்டனான். "நாள் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறதிலும் பார்க்கக் கடலைப் பாருங்கோ அம்மா" எண்டு அக்கா சத்தம் போட்டாள். வவுனியா, ஹொறவப்பொத்தானை எண்டு சுத்திப் போய்ச் சேரப் பின்னேரமாச்சுது. வழியிலை நான் கட்டிக்கொண்டு போன புட்டைத்தான் எல்லாரும் சாப்பிட்டவை. நீ இருந்திருந்தால் கடையிலை சாப்பிடுவம் எண்டு அடம்பிடிச்சிருப்பாய்.

அடுத்த நாள் விடிய அஞ்சரைக்கே வள்ளத்திலை ஏத்திப்போட்டினம். என்னைத் தெரியும்தானே, கேணித் தண்ணிக்கே பயந்தவள். தந்த லைவ் ஜக்கற்றிலை மீன் மணமும் மண்ணெண்ணெய் மணமும். சிப் அறுந்துபோய் நைலோன் கயிறாலை முடிஞ்சு விட்டிருந்தது. ஓட்டின பெடியனுக்கு உன்ர வயதிலும் குறைவு. "அம்மா நடுவிலை இருங்கோ, முன்னுக்குத் தூக்கிப் போடும்" எண்டு கையைப் பிடிச்சு இருத்தினான். நல்ல வளர்ப்பு.

முதல் வந்தது ஓங்கில்தான். தூரத்திலை கடல் கொதிக்கிற மாதிரி வெள்ளை வெள்ளையாய்த் தெரிஞ்சுது. கிட்டப் போனால் எண்ண ஏலாத கூட்டம். தண்ணியை விட்டு எழும்பி, ஆகாயத்திலை பம்பரம் மாதிரி மூண்டு நாலு சுத்துச் சுத்தித்தான் விழுகுது. அதாலைதான் அதுகளுக்குச் சுழல் ஓங்கில் எண்டு பேராம். இரா முழுக்க ஆழத்திலை மீனும் கணவாயும் பிடிச்சுத் திண்டுபோட்டு, விடியத்தான் இப்பிடிக் கரைப்பக்கம் ஆறுதல் எடுக்க வாறதுகள் எண்டு பெடியன் சொன்னான். வள்ளத்துக்குப் பக்கத்திலை, நான் கையை நீட்டினால் தொடலாம், ஒரு தாயும் குட்டியும். முதுகு கடும் சாம்பல், விலா வெளிறல், வயிறு வெள்ளை. குட்டியும் தாயைப் பார்த்துப் பாய்ஞ்சுது. சுத்த வரேல்லை, விலா அடிபடத் தொப்பெண்டு விழுந்துது. திரும்பவும் பாய்ஞ்சுது. திரும்பவும் விழுந்துது. தாய் அதின்ர பக்கத்தை விட்டு அசையேல்லை. நான் எவ்வளவு நேரம் அதையே பார்த்தன் எண்டு தெரியாது, அக்கா தோளிலை தட்டினாப் பிறகுதான் திரும்பினனான்.

சின்னவள் உன்னட்டை வந்து நிக்கிற நாளிலை இதை அவளுக்குச் சொல்லு.

இன்னும் வெளியிலை போக, பெடியன் எழும்பி நிண்டு "அந்தா ஊதுது" எண்டான். கடலுக்குள்ளை இருந்து நேரை மேலை ஒரு வெள்ளைப் புகை, எங்கட பின் வளவு வடலி உயரத்துக்கு. புகை கரைஞ்சாப் பிறகு சத்தம் வருகுது, பெரிய லொறி பிறேக் காத்து விடுற மாதிரி. நீலத் திமிங்கிலம். பிறகு முதுகு வந்துது தம்பி. வந்துது, போகுது, போகுது, முடியேல்லை. கேற்றடியிலை நிண்டு யாழ்தேவி றெயின் கடக்கிறதைப் பார்க்கிறது மாதிரி. கடைசியிலை இத்தினூண்டு செட்டை ஒண்டு வந்து அதுவும் தாழுது. வெளியிலை தெரியிற தோல் சாம்பலிலை புள்ளி புள்ளியாய், தண்ணிக்குள்ளை இருக்கேக்கைதான் நீலப் பச்சையாய் ஒரு வெளிச்சம். நாலைஞ்சு தரம் மூச்சு விட்டுப்போட்டு, வாலைத் தூக்கித் தண்ணி வடிய வடிய அப்பிடியே கீழை போட்டுது.

போன இடத்திலை கடல் எண்ணெய் ஊத்தின மாதிரி வழுவழுப்பாய்க் கிடந்தது. சுத்திவர அலை, அந்த வட்டத்திலை மட்டும் அலை இல்லை. வால் அடிச்ச அடையாளமாம்.

அப்ப இன்னொரு வள்ளம் எஞ்சினை முறுக்கிக்கொண்டு அது போன திசைக்கு ஓடினது. எங்கட பெடியனுக்குச் சரியான கோபம். "நூறு மீற்றருக்குக் கிட்டப் போகக்கூடாது எண்டு சட்டம் இருக்குது. கலைச்சால் அது இன்னும் ஆழமாப் போய் எங்கையோ எழும்பும்" எண்டு சொல்லிப்போட்டு எஞ்சினை நிப்பாட்டினான். ஒருத்தரும் கதைக்கேல்லை. அத்தான்ர மணிக்கூட்டிலை பன்னிரண்டு நிமிசம். எனக்குப் பன்னிரண்டு மணித்தியாலம். பிறகு எங்களுக்கு முன்னாலையே எழும்பி ஊதினது.

நான் அழுதிட்டன். பிள்ளையள் பாட்டிக்குப் பயம் எண்டு நினைச்சினம். பயமில்லை. உன்ர அப்பாவை நினைச்சனான்.

1982இலை அப்பா திருகோணமலையிலை படிப்பிச்ச காலம் உனக்குத் தெரியும். லீவிலை வீட்டை வந்து, "கோணேசர் கோயில் மலையிலை இராவணன் வெட்டடியிலை நிண்டு பார்த்தனான், கடல் மூச்சு விட்டது" எண்டு சொன்னவர். நான் சிரிச்சன். சின்ன மாமா ஆக்கள் வந்திருக்கேக்கை, "இவருக்குக் கடல் மூச்சு விடுதாம்" எண்டு எல்லாருக்கும் முன்னாலை சொல்லிச் சிரிச்சன். அதுக்குப் பிறகு அவர் அதைக் கதைச்சதே இல்லை. இப்ப அக்காவின்ர மூத்தவன் சொல்லுறான், திருகோணமலையிலை கரைக்குக் கிட்டவே பெரிய ஆழம் துவங்குறதாலை மலையிலை நிண்டே திமிங்கிலம் பார்க்கலாமாம். 1983இலை டியூலிப் எண்ட ஆராய்ச்சிப் பாய்க்கப்பல் வந்து இந்தக் கடலிலை அதுகளைப் பார்த்து எழுதி வைச்சதாம். பிறகு சண்டை வந்து எல்லாம் நிண்டுபோச்சு. அந்த மனுசன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். ஒரு வார்த்தை நம்பாமல் அனுப்பிப்போட்டன்.

மூத்தவன் இன்னொண்டும் சொன்னான். மற்றக் கடலிலை உள்ள நீலத் திமிங்கிலங்கள் சாப்பாட்டுக்குக் குளிர்க் கடலுக்குப் போறதுகளாம். எங்கட கடலிலை உள்ளதுகள் அப்பிடிப் போறதில்லையாம், வருசம் முழுக்க இந்தச் சூட்டுத் தண்ணியிலையே இரை தேடிக்கொள்ளுமாம். குளிருக்குப் போகாமல் இருக்கவும் ஏலும்தானே எண்டு வாய்வரைக்கும் வந்துது. உன்னை அனுப்பினது நான். காணியை ஈடு வைச்சு, தாலிக்கொடியைக் குடுத்து, போ எண்டு தள்ளினவள் நான். நீ அங்கை ஒருத்தற்றை கையையும் எதிர்பாராமல் படிச்சு, வேலை எடுத்து, ஈட்டையும் மீட்டு, அக்காவின்ர கலியாணத்தையும் ஒப்பேத்தினனி. ஊரிலை எத்தினை பேர் உன்னைச் சொல்லித் தங்கட பிள்ளையளைப் பேசுறவை தெரியுமே. ஆனால் ஒரு போன் எடுக்க உனக்கு நேரமில்லை. இரவு வேலை முடிஞ்சு பனியிலை கார் ஓடாதை. சாப்பிடாமல் படுக்காதை.

2017இலை நான் அங்கை வந்து நிக்கேக்கை ரொறன்ரோ மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனனி, ஞாபகம் இருக்கே? நியூபவுண்ட்லாந்துக் கரையிலை ஒதுங்கின திமிங்கிலத்தின்ர எலும்புக்கூடும், பழுதாகாமல் பதப்படுத்தின இதயமும். 180 கிலோ எண்டு நீதான் வாசிச்சுச் சொன்னனி. மூத்தவன் சொல்லுறான், ஆழத்துக்குப் போகேக்கை அந்தப் பெரிய இதயம் நிமிசத்துக்கு ரண்டே ரண்டு தரம்தான் அடிக்குமாம், மேலை வந்தால் முப்பதுக்கும் மேலை அடிக்குமாம். எனக்கு அப்ப மியூசியம்தான் கண்ணுக்கை வந்துது. சின்னவளைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் நீ. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மருமகள். நீ வாசிச்சது எனக்கு. அவ உன்னைப் பார்க்கேல்லை, நீயும் அவவைப் பார்க்கேல்லை. கார் ஏறும் வரைக்கும் ரண்டு பேரும் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. நான் கண்டனான் தம்பி. கண்டுபோட்டு, "இண்டைக்கு நல்ல வெயில்" எண்டு சொன்னனான்.

இதை எழுதுறதோ விடுறதோ எண்டு மூண்டு நாள் யோசிச்சன். ஒரு கார்த்திகை விளக்கீட்டண்டு இரா நீ எடுத்தனி. வாசலிலை விளக்கு எரியுது, விறாந்தையிலை அக்காவின்ர மாமியார் இருக்கிறா. "அம்மா, எனக்கு இங்கை ஏலாமல் இருக்குது" எண்டனி. நான், "லைன் சரியில்லை ராசா, விட்டு விட்டுக் கேட்குது, பிறகு எடு" எண்டு வைச்சனான்.

லைன் நல்லா இருந்தது. நீ மூக்கை உறிஞ்சினதும் கேட்டது. பின்னாலை ஆரோ கதவை அடிச்சுச் சாத்தினதும் கேட்டது. மாமியார் கேட்டுவிடுவா, ஊர் கதைக்கும் எண்டு பயந்தனான். அதிலும் பெரிய பயம், அந்தச் சாதகத்தைக் கையிலை வைச்சுக்கொண்டு பொருந்துது, பொருந்துது எண்டு நிண்டவள் நான். அப்பா, "பெடியனை ஒருக்காக் கேளும்" எண்டு சொன்னவர். நான் கேட்கேல்லை. அண்டைக்கும் கேட்கேல்லை. "பிறகு எடு" எண்டதும் நான்தான், அதுக்குப் பிறகு நீ சும்மாவே கதைக்கேல்லை எண்டு ஊர் முழுக்கக் குறை சொல்லித் திரியிறதும் நான்தான்.

மருமகளிலை எனக்குக் கோபம் இல்லை. அவவும் ஒரு தாய் பெத்த பிள்ளை.

உன்ர புது விலாசத்தை அக்காவின்ர மேசையிலை கரண்ட் பில்லுக்குக் கீழை கண்டனான். அதாலைதான் இந்தக் கடிதம் அந்த விலாசத்துக்கு வருகுது. அக்காவைப் பேசாதை, அவள் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. ஆடியிலை இருந்து அவளின்ர கண்ணைப் பார்க்க எனக்குத் தெரியும்.

என்ர போன் இராவிலை தலைமாட்டிலைதான் கிடக்கும், சத்தத்தைக் குறைக்கேல்லை. எங்களுக்கு எத்தினை மணி எண்டு பார்க்காதை. நீ கதைக்காமல் பிடிச்சுக்கொண்டு இருந்தாலும் நான் வைக்க மாட்டன்.

பக்கத்து வீட்டு ரீச்சற்றை மகன் வைகாசி முடிவிலை அங்கை வாறார். அவரிட்டை ஒடியல் மா, பினாட்டு, மிளகாய்த்தூள் குடுத்து விடுறன். தூள் ஒராளுக்கு அளவாய்த்தான் இடிச்சனான். சின்னவள் வந்து நிண்டு காணாமல் போனால் சொல்லு, இன்னும் இடிச்சு விடுறன்.

இப்படிக்கு,
அம்மா