தாத்தாவின் பேனாக்கத்தி

கண்ணா,

நீ அனுப்பிய படம் வந்தது. மூன்று வாரமாகப் போனை எடுக்க நேரமில்லாதவனுக்குத் தாத்தாவின் பேனாக்கத்தியைப் படம் பிடிக்க நேரம் கிடைத்திருக்கிறது, சந்தோஷம். "எந்தக் காலத்தது, என்ன விலை போகும்?" என்று ஒரே வரி. காலத்தை ஓரளவு சொல்கிறேன். விலையை அப்புறம் பார்ப்போம்.

முதலில், தேய்க்காதே. பாலிஷ், உப்புத்தாள் எதுவும் வேண்டாம். அலகில் படிந்திருக்கும் சாம்பல் நிறம் அழுக்கு இல்லை, எஃகுக்கு வயதானால் வரும் நிறம். செந்துரு தெரிந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துணியால் துடை, போதும்.

வயது தெரிய வேண்டுமானால் அலகின் அடியில், கீலை ஒட்டிப் பார்க்க வேண்டும். நட்சத்திரமும் சிலுவையும் இருக்கிறது என்று நீ கண்டுபிடித்தது சரிதான். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரில் இருந்த ஜோசப் ராட்ஜர்ஸ் என்ற கத்திக் கம்பெனியின் குறி அது. இத்தனை வருடம் பார்த்த என் கண்ணில் படாதது உன் கண்ணில் பட்டிருக்கிறது. சின்ன வயதிலேயே உனக்கு அந்தக் கண் உண்டு. ஆனால் அந்தப் பெயரில் போலிகளும் அந்தக் காலத்திலேயே ஏராளம், அதனால் எழுத்து எழுத்தாகப் படி.

'இங்கிலாந்து' என்று இருக்கிறதா? இறக்குமதிச் சரக்கில் அது எந்த நாட்டில் செய்தது என்று பொறிக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் ஒரு சுங்கவரிச் சட்டம் போட்டது. எனவே அந்தச் சொல் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்திய கத்தி. அடுத்து, அங்கே பொறித்திருக்கும் கிரீடத்தின் இடப்பக்கத்து எழுத்து. அப்போது ஆண்ட ராணி அல்லது ராஜா பெயரின் முதல் ஆங்கில எழுத்து அது. 'வி' என்றால் விக்டோரியா, அவர் 1901 வரை. 'ஈ' என்றால் எட்வர்டு, 1910 வரை. 'ஜி' என்றால் பெரும்பாலும் அதற்கு அப்புறம் வந்த ஜார்ஜ்கள். துரு பிடிக்கிறதே, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வந்த 1913-க்கு முந்தையதாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டாதே. சாதாரண எஃகில் அதற்கப்புறமும் வெகுகாலம் கத்தி செய்தார்கள். உன் படத்தில் அந்த எழுத்து மங்கலாக இருக்கிறது. வேறு படம் அனுப்பு. போனில் சொன்னாலும் சரி.

பிடியின் இரு முனையிலும் இருக்கும் வெள்ளைப் பட்டையை வெள்ளி என்று நினைத்துவிடாதே. ஜெர்மன் சில்வர்: செம்பு, துத்தநாகம், நிக்கல். வெள்ளி பெயரில் மட்டும்தான். அதை நம்பிப் பெரிதாக எதையும் எதிர்பார்க்காதே. எதிர்பார்க்கிறாயா? வேலை எப்படிப் போகிறது? அம்மா கேட்கச் சொன்னாள்.

தேய்க்காதே என்று சொன்னேன் இல்லையா. வாங்குகிறவர்கள் அலகு முழுசாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். நம் கத்திக்கு முனை இல்லை.

அதை உடைத்தது நீ இல்லை. நான். பெயின்ட் டப்பா மூடியை நெம்பும்போது போயிற்று. தாத்தா கேட்டபோது, பையன் எடுத்து விளையாடினான் என்று சொல்லிவிட்டேன். எனக்கு வயது முப்பத்தைந்து, அப்பாவிடம் இன்னும் பயம். நீ இல்லை இல்லை என்று அழுதாய். அப்புறம் ஒரு கட்டத்தில் ஆமாம் என்று சொல்லிவிட்டாய். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். கடைசிவரை அவர் அந்தக் கத்தியை உன் கையில் கொடுக்கவில்லை.

அன்று ராத்திரி முனையைச் சீராக்குகிறேன் என்று அலகு முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்தேன். அந்த எழுத்து மங்கியது அதனால்தான். நீ எத்தனை படம் எடுத்தாலும் தெரியாது. தெரிந்தேதான் அனுப்பச் சொன்னேன்.

விற்பதானால் விற்றுக்கொள், அது உன்னுடையது. பணத்துக்காகத்தான் என்றால் முதலில் என்னிடம் கேள். ஞாயிற்றுக்கிழமை பேசு, எவ்வளவு நேரமானாலும் விழித்திருப்பேன். அதுவரை எண்ணெய் மட்டும் போட்டு வை.

அப்பா