கயலுக்கு

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. வேளைக்குச் சாப்பிடு. வாட்ஸ்அப்பில் கேட்டால் உடனே "நல்லா இருக்கேம்மா" என்று வந்துவிடும். அதனால்தான் இந்தத் தபால்.

பொங்கலுக்கு வந்தபோது பூக்கார அக்கா பக்கத்தில் காலையெல்லாம் உட்கார்ந்திருந்தாய். பணம் போடுகிற க்யூஆர் ஸ்டிக்கர் மகன் கணக்குக்கு, மெசேஜும் அவன் போனுக்கு; பணம் வந்ததைச் சொல்கிற அந்தப் பெட்டி வாய் திறந்து ரூபாயைச் சொன்னால்தான் அக்கா பூவைக் கொடுப்பாள் என்று கண்டுபிடித்தாய். மானுடவியல் படித்து என்னத்தைக் கிழிக்கப் போகிறாள் என்ற சித்தப்பாகூட வாயடைத்துப் போனார். வீட்டுக்கு வந்த பிள்ளை என்னோடு அரைமணி நேரம் உட்காரவில்லை, அது வேறு.

அன்று ராத்திரி ஜெராக்ஸ் கம்பெனிக் கதை சொன்னாய். பச்சைப் பொத்தானை அமுக்கினால் போதும் என்று விளம்பரம் செய்த மிஷின். லூசி சக்மன் என்ற மானுடவியல்காரி அதன்முன் ஆட்களை ஜோடி ஜோடியாக நிறுத்தி, அவர்கள் பேசுவதையும் தடுமாறுவதையும் படமெடுத்தாளாம். ஆலன் நியூவெல் மாதிரி கம்ப்யூட்டர் மேதையே திணறினாராம். "வாயைப் பார்க்காதம்மா, கையைப் பாரு" என்றாய்.

எனக்கா தெரியாது? நர்ஸம்மாவாக ஊர் ஊராகப் போய், மாசமான பெண்களுக்கு 100 இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தவள் நான். "போட்டுட்டேங்க்கா" என்பார்கள். நிமிர்ந்து பார்த்தால் அட்டை பிரிக்காமல் எரவாணத்தில் செருகியிருக்கும். பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகிவிடும் என்று மாமியாருக்குப் பயம். வெளிக்குக் கறுப்பாகப் போகிறதே என்று இவளுக்குப் பயம். இவளைத் திட்டி என்ன ஆகும்? மாமியாரிடம் பேசினால்தான் மாத்திரை உள்ளே போகும். எந்தப் பதிவேட்டில் அதற்குக் கட்டம் இருந்தது?

உன்னையும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். முன்பெல்லாம் பகலில் கூப்பிட்டால் "மீட்டிங்மா" என்று வைத்துவிடுவாய். இப்போது பதினோரு மணிக்கு அடித்தாலும் முதல் ரிங்கிலேயே எடுக்கிறாய். பின்னால் ஃபேன் சத்தம்தான் கேட்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு.

தம்பிக்குப் பரீட்சை முடிந்தது. மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. இந்த மாதம் பணம் போடாதே, என் பென்ஷன் வந்துவிட்டது. வாடகைக்கு வேண்டுமானால் சொல்லு. அப்பா ஒன்பதரைக்கெல்லாம் படுத்துவிடுவார். அதற்கப்புறம் கூப்பிடு.

அம்மா