சக்கரத்தில் இல்லாத ஒரு பின்: நுகர்வோர் ஆணையத்துக்கும் கேரவன் கட்டுவோருக்கும் ஒரு திறந்த மடல்

தேசிய நுகர்வோர் ஆணையத்தின் ஆணையர் அவர்களுக்கும், கட்டாயத் தர விதிகளைக் கவனிக்கும் என்ஆர்சிஎஸ் அதிகாரிகளுக்கும், தென்னாப்பிரிக்காவில் கேரவன் கட்டி விற்கும் கம்பெனிக்காரர்களுக்கும்,

வணக்கம்.

நான் டர்பனில் ஒரு சட்டைக் கம்பெனியில் 27 வருஷம் செக்கராக இருந்தவள். தைத்து முடித்த சட்டை என் மேசைக்கு வரும். காலர் முனை இரண்டும் ஒன்றுபோல் இருக்கிறதா, காஜாவில் நூல் பிரிந்திருக்கிறதா, அக்குள் தையல் இழுத்தால் விடுகிறதா என்று பார்த்து, என் நம்பர் போட்ட துண்டுச் சீட்டைப் பைக்குள் வைத்து அனுப்புவேன். கடையிலிருந்து ஒரு சட்டை திரும்பி வந்தால் முதலில் அந்தச் சீட்டைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். ஒரு பட்டனுக்கு அவ்வளவு கேள்வி கேட்பார்கள். அந்தப் பழக்கத்தில்தான், எங்கள் கேரவனின், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டியின், சக்கரத்தில் ஒரு சின்னப் பின் இல்லாமல் போனதைப் பற்றி இதை எழுதுகிறேன். ஆங்கிலத்திலும் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். தமிழில் எழுதுவது, கேரவன் வைத்திருக்கும் நம் ஆட்களும் படித்துவிட்டுத் தங்கள் வண்டிக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும் என்பதற்காக.

எங்கள் வீட்டுக்குக் கேரவன் வந்தது பெரிய விஷயம். சின்ன வயதில் அப்பா எங்களை ஸ்காட்பர்க் பக்கம் காரில் கூட்டிப் போவார். கடலோரக் கேரவன் பார்க்குகளை நாங்கள் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. வெள்ளையருக்கும் மற்றவர்களுக்கும் பொது இடங்களைப் பிரித்து வைத்த, 1953-ல் வந்து 1990-ல் நீக்கப்பட்ட தனி வசதிகள் சட்டம் எங்களை உள்ளே விடவில்லை. அதனால்தான் வீட்டுக்காரர் ரிட்டையர் ஆனதும் பிராவிடன்ட் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, மூன்று வருஷம் பழைய கேரவன் ஒன்றை வாங்கினோம். எங்களுக்கு முன் இரண்டு பேர் கையில் இருந்த வண்டி. அதிகம் ஓடவில்லை, உள்ளே புதுசு மாதிரி இருந்தது. மஞ்சள் பூசி, தேங்காய் உடைத்து, சாட்ஸ்வர்த்தில் எங்கள் வாசலில் நிறுத்தினோம்.

ஜூலை லீவில் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரோடு டிராகன்ஸ்பர்க் மலைக்குக் கிளம்பினோம். மாரியன்ஹில் டோல் தாண்டி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு அப்புறம் டவுன் ஹில் ஏற்றமும் ஏறி, மூயி ரிவர் டோலில், கேரவனை இழுத்துவந்த பக்கியை (பிக்கப் வண்டியை) நிறுத்தினோம். சில்லறை கொடுத்த ஜூலு பெண் தலையை வெளியே நீட்டி, "பாபா, பின்னால் புகை வருகிறது" என்றாள். இறங்கிப் பார்த்தால் கேரவனின் இடப்பக்கச் சக்கரத்திலிருந்து புகை. பக்கத்தில் போனாலே முகத்தில் சூடு அடித்தது.

ஊருக்குள்ளிருந்து வந்த மெக்கானிக் ஹப்பைக் கழற்றினார். உள்ளே கிரீஸ் தார் மாதிரி கறுத்துக் கிடந்தது. பேரிங் நீலம் பாரித்திருந்தது. பிறகு எதுவும் பேசாமல் வலப்பக்கச் சக்கரத்தின் மூடியையும் தட்டி எடுத்துக் காட்டினார். ஆக்சில் முனையில் பள்ளம் வெட்டிய நட் ஒன்று இருக்கும். அது சுழன்றுவிடாமல் இருக்க, ஆக்சிலில் போட்ட துளை வழியாக ஒரு ஸ்பிளிட் பின்னைச் செருகி, அதன் இரண்டு காலையும் மடக்கிவிட வேண்டும். வலப்பக்கம் அது இருந்தது. இடப்பக்கத் துளை காலி. அதற்குள் பின் உரசிய தடமே இல்லை. "இதில் எப்போதுமே பின் இருந்ததில்லை, அம்மா" என்றார். இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் நட் கழன்று, சக்கரம் ஹப்போடு தனியாக ஓடியிருக்கும். பிள்ளைகள் பக்கியின் பின் சீட்டில் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பின் ஹார்டுவேர் கடையில் சில ராண்டுக்குக் கிடைக்கும்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் மடல் எழுதியிருக்க மாட்டேன். எந்தத் தொழிற்சாலையிலும் ஒரு கை தவறும், அது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர், வண்டியை முதன்முதல் வாங்கியவரைத் தேடிப் பிடித்துப் போன் செய்தார். அவர் நல்ல மனிதர். "ஆமாம், கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது, நான் அப்போதே வண்டியை விற்றிருந்தேன்" என்று சொல்லி, அதைப் படம் எடுத்தும் அனுப்பினார். அந்த பேட்ச் வண்டிகளைச் சக்கரச் சோதனைக்குக் கொண்டு வரும்படி ஒரு பக்கத்தில் எழுதியிருந்தது. தேதியைப் பார்த்தேன். நாங்கள் வண்டி வாங்குவதற்கு ஒரு வருஷத்துக்கும் முந்தியது. கம்பெனிக்குத் தெரியும், முதல் ஆளுக்குத் தெரியும். பிள்ளைகளோடு அந்த வண்டியை இழுத்துப் போன எங்களுக்குத்தான் தெரியாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2011-லிருந்து நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை என் பேத்தியை வைத்து வரிவரியாகப் படித்தேன். 56-ஆம் பிரிவின்படி, கடையில் வாங்கிய பொருளில் குறை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணம் திருப்புவதா என்பதை வாங்கியவரே சொல்லலாம். பழுது பார்த்த பிறகு மூன்று மாதத்துக்குள் அதே குறை தலைகாட்டினால், மாற்று அல்லது பணம்தான். எங்களை மாதிரித் தனி ஆளிடம் வாங்குபவர்களுக்கு இது கிடையாது. ஆனால் 60-ஆம் பிரிவு, பொருள் ஆபத்தானது என்று நம்பக் காரணம் இருந்தால் கம்பெனியை விசாரிக்கச் சொல்லவும் திரும்ப அழைக்கச் சொல்லவும் ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. அதில் முதல் ஆள், மூன்றாவது ஆள் என்ற பேதம் எதற்கு?

நீங்கள் செய்யக்கூடியவர்கள்தான். 2017 ஜனவரியில் ஃபோர்டு கூகா 1.6 லிட்டர் கார்கள் 4,556 திரும்ப அழைக்கப்பட்டபோது ஆணையம் அதில் முன்னால் நின்றது. ஆனால் அதற்குள் ஏறக்குறைய நாற்பது கார்கள் எரிந்திருந்தன. ஒரு உயிரும் போயிருந்தது. கார் தீப்பிடித்தால் எல்லாரும் பார்க்கிறார்கள், செய்தியில் வருகிறது. மலைப்பாதையில் கேரவனின் சக்கரம் கழன்றால், "ஓட்டத் தெரியாமல் ஓட்டினான்" என்று பேச்சு முடிந்துவிடுகிறது.

கேரவன் பாதி வீடு, பாதி வண்டி. ஆக்சில் ஒரு கம்பெனி, ஃபிரிட்ஜ் ஒரு கம்பெனி, கேஸ் அடுப்பு இன்னொரு கம்பெனி. ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்திருப்பார் என்று நினைக்கிறார்கள். அமெரிக்காவில் 2006-ல் கேஸிலும் மின்சாரத்திலும் ஓடும் ஒருவகை ஃபிரிட்ஜில் கொதிகுழாய் விரிசல் விட்டுத் தீப்பிடிக்கும் என்று தெரிந்து, ஒரே ஃபிரிட்ஜ் கம்பெனி ஒன்பது லட்சத்துக்கும் மேல் ஃபிரிட்ஜுகளைத் திரும்ப அழைத்தது. அவை பல பெயர் கொண்ட வண்டிகளில் உட்கார்ந்திருந்தன. வண்டியின் பெயரை மட்டும் பார்த்துத் தேடினால் பாகத்தின் குறை பிடிபடாது. என்ஆர்சிஎஸ் அதிகாரிகளே, நீங்கள் ஒரு மாடலுக்கு ஒப்புதல் கொடுக்கிறீர்கள். ரோட்டில் ஓடுவது மாடல் இல்லை, அந்த ஒரு வண்டி. அதை யார் கடைசியாகக் குனிந்து பார்த்தது?

என் தம்பியின் கேரவனையும் சொல்ல வேண்டும். எங்கள் கதையைக் கேட்ட பிறகு அவன் தன் வண்டியைத் துருவிப் பார்த்தான். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் அடுப்புப் பக்கம் தரையில் ஒரு திறப்பு இருக்க வேண்டும். அவன் வண்டியில் அது இருந்தது, ஆனால் மண் ரோட்டுத் தூசி வரக்கூடாது என்று தொழிற்சாலையிலேயே ரப்பர் வைத்து நன்றாக அடைத்திருந்தார்கள். அந்த அடுப்புப் பக்கத்தில்தான் அவன் மகள் படுப்பாள்.

கம்பெனிக்காரர்களே, உங்களிடம் நான் கேட்பது ஒன்று. சக்கரம், பிரேக், கேஸ் குழாய் இந்த மூன்றையும் வண்டி கட்டியவர் தவிர வேறொருவர் சோதிக்கட்டும். அவர் பெயரும் தேதியும் எழுதிய அட்டையைக் கேரவன் கதவுக்குள் ஒட்டுங்கள். முந்நூறு ராண்ட் சட்டைக்கு நான் சீட்டு வைத்தேனே.

ஆணையத்திடம் கேட்பது இன்னொன்று, இதற்குப் புதுச் செலவு அதிகம் ஆகாது. கேரவனுக்கும் வருஷா வருஷம் லைசன்ஸ் டிஸ்க் (வண்டி உரிமச் சீட்டு) வாங்குகிறோம். வண்டிப் பதிவுகளை வைத்திருக்கும் அந்த ஈநாடிஸ் கணினியில் இப்போதைய உரிமையாளர் யார், விலாசம் என்ன, வண்டியின் விஐஎன் என்ற அடையாள எண் என்ன எல்லாம் இருக்கிறது. திரும்ப அழைக்கப்பட்ட வண்டிகளின் எண்களைக் கம்பெனியிடம் வாங்கிப் போக்குவரத்துத் துறைக்குக் கொடுங்கள். டிஸ்க் புதுப்பிக்க வருகிறவரிடம் கவுண்டரிலேயே சொல்லட்டும்: "உங்கள் வண்டியைச் சோதனைக்குக் கொண்டு போங்கள், காசு கிடையாது." நாங்கள் அந்த வருஷம் டிஸ்க் வாங்க வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

எங்கள் வண்டியைக் கட்டிய கம்பெனிக்கு இரண்டு முறை எழுதிக் கேட்டேன்: அந்த பேட்ச்சில் எத்தனை வண்டிகள் கட்டினீர்கள், எத்தனை சோதனைக்கு வந்தன, எத்தனை இன்னும் வரவில்லை? பேரிங்குக்கு ஆன செலவைத் தருவதாகப் பதில் வந்தது. எண்ணிக்கை வரவில்லை. எனக்குப் பணம் வேண்டாம். ஆணையர் அவர்களே, அந்தக் கடைசி எண்ணை நீங்கள் கேட்டு வாங்குங்கள். டிசம்பர் லீவுக்கு முன்னால் வாங்குங்கள்.

இப்படிக்கு,
சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு பழைய செக்கர்