நேற்றைய மழை எந்த நாளின் மழை?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். உங்கள் இதழின் 'நேற்றைய மழை' பட்டியல் பற்றி ஒரு சிறு வேண்டுகோள்.

மணிலா, அதாவது வேர்க்கடலை, மண்டியில் நாற்பது ஆண்டுகள் பேரேடு எழுதியவன் நான். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் எங்கள் முருங்கையையும் கிணற்றடிக் கூரையையும் சாய்த்துவிட்டுப் போன பிறகு, மாடியில் ஒரு மழைமானி வைத்தேன். காலை ஆறு மணிக்குக் காப்பி குடித்த கையோடு, சேர்ந்த நீரை அளவுக் குடுவையில் ஊற்றிப் பார்த்து நோட்டில் குறித்துவிடுவேன். இப்போது எட்டாவது நோட்டு ஓடுகிறது.

விடுமுறைக்கு வந்த பேத்தி, "தாத்தா, உங்கள் கணக்கைச் சரிபார்ப்போமா?" என்று மடிக்கணினியைத் திறந்தாள். மெட்டியோஸ்டாட் என்று, பைத்தான் என்ற கணினி மொழியில், வானிலைப் பதிவுகளை எடுத்துத் தரும் ஒரு நிரல் தொகுப்பு இருக்கிறதாம். காசு கிடையாது. கடலூர் வானிலை நிலையத்துக்கு உலக அளவில் 43329 என்று ஓர் எண், புதுச்சேரிக்கு 43331. அந்த எண்ணையும் இரண்டு தேதிகளையும் கொடுத்து நாலைந்து வரி எழுதினாள். வெப்பநிலை, மழை, காற்று, காற்றழுத்தம் எல்லாம் பத்தி பத்தியாக வந்து விழுந்தன. இன்னும் ஒரு வரியில் அதுவே வரைபடமாகிவிட்டது. பேரேட்டில் ஒரு பக்கம் கூட்டவே எனக்கு அரைமணி ஆகும்.

ஆனால் ஐப்பசியில் அந்த வரைபடத்தின் மழைக் கோடு அங்கங்கே தரையைத் தொட்டது. என் நோட்டில் அதே நாட்களில் நல்ல மழை. துருவிக் கேட்டதில், பதிவு இல்லாத நாட்களில் கோடு அறுந்து அசிங்கமாகத் தெரிந்ததால், வெற்றிடங்களில் சுழியம் போட்டு நிரப்பியதாகச் சொன்னாள். மண்டியில் நான் இப்படிச் செய்திருந்தால் முதலாளி அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பியிருப்பார். சரக்கு வராத நாள் வேறு, சீட்டு தொலைந்த நாள் வேறு. சுழியங்களை எடுக்கச் சொன்னேன். கோடு மறுபடி அறுந்தது. இருக்கட்டும்.

அடுத்து மாட்டிக்கொண்டவன் நான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் காலை நான் அளந்ததை நவம்பர் 30 என்ற தேதியில்தான் எழுதியிருக்கிறேன். மழை பெய்தது அன்றுதானே! வானிலைத் துறைக்கோ ஒரு நாள் என்பது முந்தைய நாள் காலை எட்டரை முதல் அன்று காலை எட்டரை வரை. ஆகவே அந்த மழை டிசம்பர் 1 கணக்கில் ஏறிவிடுகிறது. மாதமே மாறிப்போகிறது. போதாக்குறைக்கு, மணிவாரிப் பதிவுகள் கிரீன்விச் நேரத்தில் வருகின்றன. நம் எட்டரை அங்கே மூன்று.

இதை உங்களுக்கு எழுதக் காரணம், பருவமழைக் காலத்தில் நீங்கள் வெளியிடும் 'நேற்றைய மழை' பட்டியல். ஊர்ப்பெயரும் மில்லிமீட்டரும் மட்டுமே அதில் இருக்கின்றன. எங்கள் கரையில் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான் கொட்டுகிறது. நேற்றுக் காலை எட்டரை வரை அளந்ததை நேற்றைய மழை என்றால், அதில் பெரும்பங்கு முந்தாநாள் இரவு பெய்ததாகவே இருக்கும். சில ஊர்களுக்கு எதிரே வெறும் கோடு போடுகிறீர்கள். அது மழை இல்லை என்பதா, தகவல் வரவில்லை என்பதா? 'காலை 8.30 வரை' என்று தலைப்பில் ஒரு சொற்றொடரும், கோட்டுக்குப் பதிலாக 'பதிவு இல்லை' என்ற இரண்டு சொற்களும் போதும். இடம் போதவில்லை என்றால் ராசிபலனில் என் ராசியை எடுத்துவிடுங்கள், நான் படிப்பதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.