தென் கரையோரச் சாலையில் சைக்கிள் பயணிகளுக்கு ஒரு நீலக் கோடு வேண்டும்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
சூயாக் வட்டாரத்தில் வசிக்கும், சைக்கிள் ஓட்டும் தமிழ்க் குடும்பத்தினர்,
சவான் மாவட்டம், மொரீசியஸ்.

பெறுநர்:
மாண்புமிகு தரைவழிப் போக்குவரத்து அமைச்சர் அவர்கள்,
போர்ட் லூயிஸ்.

நகல்: மாண்புமிகு சுற்றுலாத் துறை அமைச்சர் அவர்கள்.

பொருள்: மாயேபூர் முதல் லெ மோர்ன் வரையுள்ள சாலையைச் சைக்கிள் பயணத்துக்கு ஏற்றதாக்கித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறோம். மாயேபூரில் தொடங்கி சூயாக், பெல் ஓம்ப்ர், பே டு கேப் வழியாக லெ மோர்ன் மலையடிவாரம் வரை போகும் சாலையில் சைக்கிள்காரர்களுக்கு வழிகாட்டும் நீல நிறக் கோடு ஒன்றைப் போட்டுத் தர வேண்டும். அந்தக் கோட்டை நம்பி வருகிறவர் பத்திரமாகப் போய்ச் சேரும்படி சாலை விளிம்பையும் வடிகாலையும் சரிசெய்ய வேண்டும். சைக்கிளைத் தாண்டும் வண்டி எத்தனை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பதை எல்லாருக்கும் தெரியும்படி அறிவித்து, அதைக் காவல்துறை கவனிக்கவும் வேண்டும். இவ்வளவுதான் எங்கள் கோரிக்கை. ஏன் கேட்கிறோம், ஏன் இப்போதே கேட்கிறோம் என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம், கொஞ்சம் பொறுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

சைக்கிளிலேயே ஊர் சுற்றும் பழக்கம் உலகம் முழுக்க வளர்ந்துகொண்டே வருகிறது. முன்பெல்லாம் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் பெரிய பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு அபூர்வமாக யாராவது வருவார்கள். இப்போது சைக்கிளின் இரும்புச் சட்டகத்தோடு ஒட்டிக் கட்டும் சின்னப் பைகள் வந்துவிட்டன, பாதை காட்ட போன் இருக்கிறது, மின்சார சைக்கிள் வந்த பிறகு அறுபது வயது தாண்டிய தம்பதிகள்கூடத் துணிந்து கிளம்பிவிடுகிறார்கள். ஐரோப்பாவில் நாடு விட்டு நாடு போக யூரோவெலோ என்ற பெயரில் 17 நெடுந்தூரச் சைக்கிள் பாதைகளை வகுத்து வைத்திருக்கிறார்கள். அங்கே ஓட்டிப் பழகியவர்கள், தங்கள் ஊரில் குளிர் வாட்டும்போது வெயிலுள்ள நாடு எது என்று தேடுகிறார்கள். சைக்கிளைப் பெட்டியில் போட்டு விமானத்தில் ஏற்றி பிளேசான்ஸ் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறார்கள். எங்கள் வாசலைத் தாண்டிப் போகிறவர்களை நாங்கள் பார்க்கிறோம், தண்ணீர் கேட்டு நிற்கிறவர்களோடு பேசுகிறோம். வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், அவர்களுக்கேற்ற சாலை மட்டும் இன்னும் வரவில்லை.

2024-இல் நம் நாட்டுக்கு 13 லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கடற்கரை ஹோட்டல்களில் தங்கி, வேனில் ஏறி, பார்க்க வேண்டிய இடத்தைப் பார்த்துவிட்டு அதே வேனில் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் வர வேண்டாம் என்று சொல்லவில்லை, அவர்களால் நம்மில் பலருக்கு வேலை இருக்கிறது. ஆனால் சைக்கிளில் வருகிறவர் ஒவ்வொரு இரவும் வேறு ஊரில் தங்குகிறார். அவருக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பசிக்கிறது. டால் பூரிக்காரரிடம் ஒரு ஜோடி போதாது என்று இரண்டு ஜோடி வாங்குகிறார், தெருமுனைப் புத்திக்கில், அதாவது சின்ன மளிகைக் கடையில், வாழைப்பழமும் தண்ணீரும் வாங்குகிறார், சங்கிலி அறுந்தால் ஊர் மெக்கானிக்கைத் தேடுகிறார், மாலையில் எங்கள் பக்கத்து ஊர்களான ரியாம்பெல்லிலோ சூரினாமிலோ ஒரு வீட்டு அறையில் தங்குகிறார். அந்தப் பணம் கிராமத்திலேயே நிற்கிறது. பெரிய ஹோட்டல் கட்ட இடமில்லாத, கட்டவும் கூடாத எங்கள் ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சுற்றுலா வேறு இருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

இனி சாலையின் நிலை. இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாயேபூரிலிருந்து மேற்கே வரும் வழி கடலை விட்டு விலகி, பிளேன் மாஞான், லெஸ்காலியே, ரிவியேர் தேஸ் ஆங்கி என்று கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே வந்து சூயாக்கில் மறுபடி கடலைத் தொடுகிறது. வெயில் குறைந்து சைக்கிள் ஓட்ட நல்ல காலம் என்றால் ஜூன் முதல் அக்டோபர் வரை. அதேதான் கரும்பு வெட்டும் காலமும். வெட்டுக்கு முன்னால் கரும்பு ஆள் உயரம் தாண்டி நிற்பதால் வளைவில் எதிரே என்ன வருகிறது என்று தெரிவதில்லை, வெட்டு தொடங்கிய பிறகு பாரம் ஏற்றிய லாரிகள் அதே குறுகிய சாலையில் வரிசையாகப் போகின்றன, அவற்றிலிருந்து விழும் கரும்புத் துண்டுகள் சாலை ஓரத்தில், அதாவது சைக்கிள் போகிற அதே இடத்தில் கிடக்கின்றன. லாரி ஓட்டுநர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. அவர்களும் எங்கள் ஊர்க்காரர்கள்தான், ஒதுங்கிக் கொடுக்க இடம் இருந்தால் ஒதுங்குவார்கள். இடம் இல்லை.

சாலை விளிம்பில் தார் முடிகிற இடத்திலேயே பள்ளம் தொடங்கிவிடுகிறது. பல இடங்களில் மூடியில்லாத ஆழமான கல் வடிகால். பின்னால் பஸ் வருகிற சத்தம் கேட்டு இடப்பக்கம் ஒதுங்கினால் சக்கரம் வடிகாலுக்குள், ஒதுங்காவிட்டால் கைப்பிடிக்கு உரசும் தூரத்தில் பஸ். எங்கள் குடும்பங்களிலேயே இப்படி வடிகாலில் விழுந்து கையை முறித்துக்கொண்டவர் இருக்கிறார். மூடி போட்ட இடங்களிலும் பார்த்திருக்கிறோம், இரும்புக் கம்பிகள் சாலை போகும் திசைக்கு நேராக நீளவாக்கில் இருந்தால் சைக்கிளின் மெல்லிய டயர் அந்த இடுக்கில் இறங்கிவிடும். குறுக்குவாட்டில் கம்பி வைத்த மூடியைப் பதித்தால் தீர்ந்தது. இதற்குப் பெரிய திட்ட அறிக்கை எதுவும் வேண்டியதில்லை, மூடி மாற்றும்போது திசையைப் பார்த்துப் பதித்தால் போதும்.

சூயாக்குக்கு அப்புறம் ரியாம்பெல், பெல் ஓம்ப்ர், பே டு கேப். இந்தத் தீவின் மிக அழகான சாலை இதுதான் என்று நாங்கள் சொன்னால் எங்கள் ஊர்ப் பெருமை என்று நினைப்பீர்கள், ஒருமுறை காலையில் வந்து பாருங்கள். ஆனால் பே டு கேப் பக்கத்திலுள்ள மகோந்தே வளைவில் சாலை பாறைக்கும் கடலுக்கும் நடுவே நெருக்கப்படுகிறது. அங்கே படம் எடுப்பதற்காகக் கார்களை வளைவிலேயே நிறுத்துகிறார்கள். சைக்கிளில் வருகிறவர் காரைச் சுற்றிப்போகச் சாலை நடுவுக்கு வர வேண்டியிருக்கிறது, எதிரே வருகிறவருக்கு அவர் தெரியமாட்டார். வளைவில் வண்டி நிறுத்தத் தடையும், கொஞ்சம் தள்ளி நிறுத்துமிடமும் வேண்டும்.

இப்போது நீலக் கோட்டுக்கு வருகிறோம். இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. ஜப்பானில் ஷிமானாமி கைடோ என்று, ஒனோமிச்சியிலிருந்து இமாபாரி வரை தீவுகளையும் பாலங்களையும் கோர்த்துப் போகும் சுமார் 70 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. பாலங்கள் 1999-இல் முழுமையாக இணைந்தன. தீவுகளுக்குள் அது பெரும்பாலும் சாதாரண ஊர்ச் சாலைதான், தனிப் பாதை இல்லை. சாலை ஓரத்தில் ஒரு நீலக் கோட்டைப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்நியர் ஒருவர் வரைபடம் பார்க்காமல், மொழி தெரியாமல், கோட்டைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடலாம். காரில் போகிறவருக்கும் அந்தக் கோடு ஒன்றைச் சொல்கிறது, இங்கே சைக்கிள் வரும், கவனமாகப் போ என்று. இன்று உலகெங்கிலும் இருந்து அந்தப் பாதைக்கு ஆட்கள் போகிறார்கள்.

இன்னொரு விஷயமும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஜப்பானின் பிவா ஏரியைச் சுற்றி சுமார் 200 கிலோமீட்டர் சைக்கிள் பாதை இருக்கிறது, அதை இடஞ்சுழியாகச் சுற்றச் சொல்கிறார்கள். நம்மைப் போல அங்கேயும் வண்டிகள் இடப்பக்கம் போவதால், அப்படிச் சுற்றினால் ஏரி எப்போதும் சைக்கிள்காரர் பக்கமே இருக்கும், சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. நமக்கு நடுவில் நிலம், சுற்றிலும் கடல், அதனால் வலஞ்சுழியாகப் போக வேண்டும். மாயேபூரிலிருந்து மேற்கே லெ மோர்னை நோக்கிப் போனால் கடல் இடப்பக்கம். அந்தத் திசையில் தென்கிழக்குக் காற்றும் முதுகுப் பக்கமிருந்து தள்ளிக் கொடுக்கும், குளிர்காலத்தில் அந்தக் காற்றுக்கு எதிரே ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஆகவே முதலில் இந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் கோடு போட்டாலே போதும், பெயின்ட் செலவில் பாதி மிச்சம். நன்றாக நடந்தால் பிறகு கிழக்குக் கரையில் மாயேபூரிலிருந்து வியூ கிராண்ட் போர் வழியாகப் போகும் சாலையையும், மெல்ல மெல்லத் தீவு முழுவதையும் சேர்த்துக்கொள்ளலாம். சுமார் 65 கிலோமீட்டர் நீளமும் 45 கிலோமீட்டர் அகலமும் உள்ள தீவு இது, சில நாட்களில் நிதானமாகச் சுற்றிவிடக் கூடியது.

தைவான் அப்படித்தான் தீவையே சுற்றும் பாதை ஒன்றை 2015-இல் அறிவித்து, எண் கொடுத்து, வழிநெடுகப் பலகை வைத்தது. 900 கிலோமீட்டருக்கு மேல் நீளம். எங்களுக்கு அதில் மிகவும் பிடித்தது, வழியிலுள்ள பல காவல் நிலையங்களில் காற்றடிக்கும் பம்பும் குடிதண்ணீரும் வைத்திருப்பதுதான். நம் கரையோரக் காவல் நிலையங்களிலும் ஒரு பம்ப், ஒரு குழாய் வைப்பதில் என்ன சிரமம்? பொதுக் கடற்கரைகளில் சைக்கிளைப் பூட்டி வைக்க இரும்புச் சட்டம், குடிக்கக்கூடிய தண்ணீர், கூடாரம் எங்கே போடலாம் எங்கே கூடாது என்று தெளிவாகச் சொல்லும் பலகை, இதையும் சுற்றுலா அமைச்சகத்தோடு பேசி ஏற்பாடு செய்ய வேண்டும். விமான நிலையத்தில் சைக்கிளைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பாகங்களைப் பொருத்த ஒரு மூலை ஒதுக்கலாம், அமெரிக்காவில் போர்ட்லாண்ட் விமான நிலையத்தில் கருவிகளோடு அப்படி ஓர் இடம் இருக்கிறது.

தாண்டும் தூரம் பற்றி. பக்கத்தில் இருக்கும், பிரான்ஸைச் சேர்ந்த ரெயூனியன் தீவில் பிரெஞ்சுச் சட்டம் நடப்பதால், சைக்கிளைத் தாண்டும் வண்டி ஊருக்குள் ஒரு மீட்டர், ஊருக்கு வெளியே ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும். அந்த அளவுக்குச் சாலை அகலம் இல்லையென்றால் பொறுத்து, எதிரே வண்டி வராத நேரம் பார்த்துத் தாண்ட வேண்டும். சில நொடிதான் தாமதம். இங்கேயும் அதே அளவைப் பின்பற்றி, பஸ், லாரி ஓட்டுநர் பயிற்சியில் சேர்த்து, பலகை வைத்து, மீறினால் அபராதம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அப்புறம் மெட்ரோ. போர்ட் லூயிஸிலிருந்து குரேபீப் வரை ரயில் ஓடுகிறது. குரேபீப் மேட்டு நிலம், அங்கிருந்து தெற்கே வந்தால் பெரும்பாலும் இறக்கம். கூட்டமில்லாத நேரங்களில், ஞாயிற்றுக்கிழமைகளிலாவது, ஒரு பெட்டியில் சைக்கிளுக்கு இடம் ஒதுக்கித் தெளிவான விதியாக அறிவித்தால், நகரத்தின் நெரிசலையும் ஏற்றத்தையும் தவிர்த்துவிட்டு நேரே தெற்கே இறங்கலாம். இது வெளிநாட்டவருக்கு மட்டுமல்ல, ரோஸ் ஹில்லிலும் குவாத்ர் போர்னிலும் இருக்கும் நம் இளைஞர்களுக்கும்தான்.

ஐயா, வெளிநாட்டவருக்காகவே நாங்கள் இந்த மனுவை எழுதுகிறோம் என்று நினைத்துவிட வேண்டாம். விடிவதற்கு முன் தோட்ட வேலைக்குப் போகும் பெரியவரும், மீன் பிடிக்கப் போகிறவரும், டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகளும் இதே சாலையில், இதே வடிகால் ஓரத்தில்தான் சைக்கிள் ஓட்டுகிறார்கள். ஜூன் மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. பயணிகளுக்காகச் சாலையைச் சரிசெய்தால் அதில் முதலில் பயன் அடைகிறவர்கள் இவர்கள்தான். 2025-இல் நம் நாட்டின் கிம்பர்லி லெ கூர் பெண்கள் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில், முன்னணியில் இருப்பவருக்குத் தரும் மஞ்சள் சட்டையை அணிந்தபோது இங்கே ஒவ்வொரு வீட்டிலும் கொண்டாடினோம். அதைப் பார்த்துச் சைக்கிள் வேண்டும் என்று கேட்ட எங்கள் பெண் பிள்ளைகளை இந்தச் சாலையில் தனியாக விட எங்களுக்கு மனம் வரவில்லை. இதைவிட வெளிப்படையாக எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

முடியாது என்று சொல்லிவிட மாட்டீர்கள் என்று நம்புவதற்கும் காரணம் இருக்கிறது. மகா சிவராத்திரிக்குக் கிராண்ட் பாசின் புனித ஏரிக்கு நடந்து போகும் மக்களுக்காக ஒவ்வொரு வருடமும் அரசு சாலைகளில் ஏற்பாடு செய்கிறது, காவலர்களை நிறுத்துகிறது, வண்டிகளை மாற்றுவழியில் அனுப்புகிறது. நடக்கிறவரும் வண்டியும் ஒரே சாலையைப் பகிர்ந்துகொள்ள வைக்க நம் நாட்டுக்குத் தெரியும்.

முதல் வேலையாக, சூயாக்கிலிருந்து பே டு கேப் வரையுள்ள பகுதியை மட்டும் இந்த அறுவடைக் காலத்துக்குள் எடுத்துக்கொள்ளுமாறு கேட்கிறோம். சாலை மேம்பாட்டு ஆணையத்தின் பொறியாளர்களும், போக்குவரத்து மேலாண்மை மற்றும் சாலைப் பாதுகாப்புப் பிரிவு அதிகாரிகளும் ஒரு நாள் இங்கே வரட்டும். நாங்களே சைக்கிள் தருகிறோம், கூடவே ஓட்டி வந்து எந்த வடிகால், எந்த வளைவு என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறோம். ஆபத்தான இடங்களின் படங்களும், கையால் வரைந்த வரைபடமும், இந்த மனுவின் ஆங்கில நகலும், கையெழுத்துத் தாள்களும் இணைத்திருக்கிறோம். எந்தத் தேதியில் வருவார்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்தால், கிராம மன்றத்தினரையும் கூட்டி வைத்துக் காத்திருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சூயாக், சூரினாம், ரியாம்பெல், பே டு கேப் பகுதி மக்கள்.